கம்பிக்கு அடியில் ஒரு சிமென்ட் வில்லை



தளம் போடும் நாளில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போயிருக்கிறீர்களா? சென்ட்ரிங் பலகைமேல் கம்பி கட்டி முடித்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சின்னச் சின்ன சிமென்ட் வில்லைகள் தெரியும். அதுதான் கவர் பிளாக். இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. கட்டடச் செலவில் அதன் பங்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் பால்கனி எத்தனை வருஷம் நன்றாக இருக்கும் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நம் பிளாக்குகளில் பால்கனி, சன்ஷேடு மராமத்து பற்றிப் பேச்சு நடக்கிற நேரம் இது. அதனால் இந்த இதழில் அந்த வில்லையின் கதை.

கதை ஒரு தோட்டக்காரரிடம் தொடங்குகிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஜோசஃப் மோனியே சிமென்ட் பூந்தொட்டி செய்து பார்த்தார். வெறும் சிமென்ட் தொட்டி சீக்கிரம் விரிசல் விட்டது. உள்ளே இரும்புக் கம்பி வலை வைத்துச் செய்து, 1867இல் காப்புரிமை வாங்கினார். அவருக்கு அந்த வலை, தொட்டியின் உருவத்தைப் பிடித்து நிறுத்தும் எலும்புக்கூடு மாதிரி. எனவே கனத்தின் நடுவில் வைத்தார். தொட்டிக்கு அது போதும். தளத்துக்குப் போதாது.

ஏன் என்று நீங்களே சோதிக்கலாம். இரண்டு செங்கலின்மேல் ஒரு பலகையைப் போட்டு நடுவில் ஏறி நில்லுங்கள். பலகை வளையும், மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நெருக்குதலை நன்றாகத் தாங்கும். இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தாங்கும். ஆகவே இழுபடும் இடத்தில்தான் இரும்பு வேண்டும். நட்டநடுவில் இழுப்பும் இல்லை, நெருக்கலும் இல்லை. அங்கே கிடக்கும் கம்பியால் பலன் குறைவு.

இதைச் சோதனை போட்டுப் பார்த்தவர் தாடியஸ் ஹையட் என்ற அமெரிக்கர். லண்டனில் டேவிட் கிர்கால்டியின் சோதனைச் சாலையில் உத்தரங்களை உடைத்துப் பார்த்து, முடிவுகளை 1877இல் சொந்தச் செலவில் அச்சிட்டார். (அந்தச் சோதனைச் சாலையின் வாசலில் ‘உண்மைகள், அபிப்பிராயங்கள் அல்ல’ என்ற பொருளில் ஒரு வாசகம் பொறித்திருக்கும். நம் பொதுக்குழுக் கூட்ட அறைக்கும் ஒன்று செய்யச் சொல்லலாம்.) ஜெர்மனியில் மத்தியாஸ் கோனென் 1886இல் இதையே கணக்காக எழுதிக் காட்டினார். கம்பி எவ்வளவு என்பது மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் ஏறியது அப்போதுதான்.

பால்கனிக்கு வந்தால் எல்லாம் தலைகீழ். ஒரு பக்கம்தான் பிடிமானம். மறுமுனை அந்தரத்தில் நிற்கிறது. பாரம் ஏறினால் மேல்பக்கம் இழுபடும். முக்கியமான கம்பி மேலே இருக்க வேண்டும். மேலே இருக்கும் கம்பியைத் தாங்கப் பலகை கிடையாது. வளைத்த கம்பியால் ‘சேர்’ செய்து முட்டுக்கொடுத்தால்தான் நிற்கும். அது இல்லாத இடத்தில் கான்கிரீட் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் மேலே நடக்க நடக்க, கம்பி கீழே இறங்கிவிடும். 10 செ.மீ. கனமுள்ள பால்கனியில் கம்பி 3 செ.மீ. இறங்கினால், தாங்கும் திறனில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். கம்பியின் எடை பில்லில் சரியாகவே இருக்கும்.

அடுத்தது துரு. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை இரும்பு எளிதில் துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மேற்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே நுழைந்து அந்தக் காரத்தைப் போக்குகிறது. இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கம்பியை மூடியிருக்கும் கனம் பாதியானால், வாயு கம்பியைத் தொட எடுக்கும் காலம் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசியாகும். 20 மி.மீ. மூடல் 40 வருஷம் காக்கும் என்றால், 10 மி.மீ. மூடல் 10 வருஷம்தான். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளி, கடைசியில் பூச்சு பெயர்ந்து விழுகிறது.

நம் நாட்டு விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 முதலில் 1953இல் வந்தது. 1978 பதிப்பில் தளத்துக்குக் குறைந்தபட்ச மூடல் 15 மி.மீ. என்று இருந்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு இதை மாற்றி, கட்டடம் நிற்கும் சூழலைப் பார்த்து அளவு வைத்தது: கடுமையற்ற சூழலுக்கு 20 மி.மீ., கடற்காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு 45 மி.மீ. இதே தொகுப்பு, கம்பிகள் ஒட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது என்கிறது. 20 மி.மீ. ஜல்லி போட்டால் கம்பிகளுக்கு நடுவே குறைந்தது 25 மி.மீ. சந்து வேண்டும். இல்லாவிட்டால் ஜல்லி மேலேயே தங்கி, கீழே தேனடை மாதிரி ஓட்டை விழும். ‘கம்பி கூடப் போட்டிருக்கோம் சார்’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், சந்து விட்டீர்களா என்று கேளுங்கள்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் சர்ஃப்சைடு கடற்கரையில், 1981இல் கட்டிய 12 மாடி அடுக்ககம் ஒன்று 2021 ஜூன் 24 அதிகாலையில் பெரும்பகுதி சரிந்தது. 98 பேர் இறந்தார்கள். கான்கிரீட் சேதம் பற்றிப் பொறியாளர் 2018இலேயே அறிக்கை கொடுத்திருந்தார். செலவைப் பகிர்வது பற்றிச் சங்கத்தில் பேச்சு நீண்டு, வசூலுக்கு ஒப்புதல் கிடைத்தது 2021இல்தான். அந்நாட்டு அரசின் விசாரணை, நீச்சல்குளத் தளத்தில் கண்ட குறைகள் பல: வடிவமைப்பிலேயே வலிமை குறைவு, பின்னால் ஏற்றிய தளக்கற்களும் செடித்தொட்டிகளும், துரு. அவற்றோடு, கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதும் ஒன்று.

ஆகவே நம் மராமத்தில் கொஞ்சம் கறாராக இருங்கள். துருப்பிடித்த கம்பியின்மேல் அப்படியே சிமென்ட் பூசினால், அடுத்த மழைக்காலம் தாண்டினால் அதிசயம். கம்பியின் பின்பக்கம்வரை கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, தேய்ந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, பிறகுதான் மூட வேண்டும். பால்கனியில் டைல்ஸ் மாற்றுகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். பைப் பதிக்க மேல்தளத்தில் வெட்டும் பள்ளம், பால்கனியைத் தாங்குகிற கம்பியையே அறுக்கலாம். பழைய டைல்ஸ்மேல் புது டைல்ஸ் ஒட்டுவதும் பாரம்தான்.

புதிதாகக் கான்கிரீட் போடும் இடம் எதுவானாலும், முந்தின நாள் மாலை பிளாக்குக்கு இரண்டு பேர் டேப்பும் செல்போனும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வில்லை இருக்கிறதா, சேர் இருக்கிறதா என்று பார்த்து, அளவு தெரிகிற மாதிரி படம் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை கலவை விழுந்த பிறகு பார்க்க எதுவும் இருக்காது.