பெருவழியின் ஊர்

இடைக்கால இங்கிலாந்தில் ஓர் ஊர் சந்தை கூட்டுவதற்கு அரசனின் பட்டயம் வேண்டியிருந்தது. பென்னலூருக்கும் அதனை அடுத்த திருப்பெரும்புதூருக்குமோ பெருவழியே பட்டயம் எனலாம். பூதபுரி எனப் பண்டு வழங்கிய திருப்பெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டு இராமானுசர் தோன்றியதாக மரபு கூறும். ஆதிகேசவப் பெருமாள் கோயிலை நாடி அடியார்கள் வந்தனர். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே வணிகரும் வண்டிகளும் இவ்வழியே சென்றனர். அருகிலுள்ள சுங்குவார்சத்திரம், வழிப்போக்கருக்குத் திறந்திருந்த கதவைத் தன் பெயரிலேயே இன்றும் தாங்கி நிற்கிறது. வருவோரை ஏற்பதே இப்பகுதியின் பழங்குணம்.

1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டபோது உலகம் இவ்வூரின் பெயரைத் துயரத்தோடு அறிந்தது. பின்னர் தொழிற்சாலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2006-இல் நோக்கியாவும், 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் தொடர்ந்தன. வயற்காட்டு ஊர்களுக்குப் பல மாநிலத்தாரும் வேலை தேடி வந்தனர். 2014-இல் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

2021 டிசம்பரில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றதைக் கண்டித்துக் கைபேசி ஆலைப் பெண் தொழிலாளர்கள் இதே பெருவழியை மறித்து அமர்ந்தனர். முன்னாளில் வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டிய நிலம் இது. நம் ஊருக்கு உழைக்க வந்தவர்களுக்கு நாம் கட்டியிருப்பது இல்லமா, வெறும் படுக்கை வரிசையா? ஆலைகளின் எண்ணிக்கையைவிட இக்கேள்விக்கு நாம் தரும் விடையே நாளை இவ்வூரின் வரலாறாகும்.