நீலகிரி மலை ரயில்: பார்த்தலும் படமெடுத்தலும்
விழுப்புரத்துச் சமவெளியிலிருந்து ஓர் ஆய்வு

1. எல்லையும் கேள்வியும்

விழுப்புரத்திலிருந்து கிழக்கே வந்தால் கோலியனூர் கூட்டுரோட்டில் ஒரு சாலை புதுச்சேரிக்கும் இன்னொன்று பண்ருட்டி வழியாகக் கும்பகோணத்துக்கும் பிரிகிறது. சுற்றிலும் கரும்பும் நெல்லும். மலை என்று சொல்ல வடக்கே செஞ்சிக் குன்றுகள்தான் உண்டு. அவற்றின்மேல் ரயில் ஏறியதில்லை. இப்படிப்பட்ட இடத்திலிருந்து மலை ரயிலை ஆராய்வானேன் என்று கேட்கலாம். விழுப்புரத்தில் முன்பு ஓடிய ரயிலும் இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் ரயிலும் ஒரே அகலத் தண்டவாளத்தில் ஓடியவை. இரண்டுக்கும் அளவு 1000 மில்லிமீட்டர்தான். தமிழ்நாட்டில் எங்கும் பரந்து கிடந்த மீட்டர் கேஜ் பாதையில் மிஞ்சியிருப்பது நீலகிரியின் 46 கிலோமீட்டர் மட்டுமே. மலை ரயிலைப் பார்க்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, நம் ஊர் ரயிலின் கடைசித் துண்டைத்தான் பார்க்கிறார்.

வகைப்பாட்டில் கறாராக இருப்பவர்கள் நீலகிரிப் பாதையைக் குறுகிய பாதை என்று ஒப்ப மாட்டார்கள். டார்ஜிலிங் (1881), மாத்தேரான் (1907) இரண்டும் 610 மில்லிமீட்டர். கால்கா–சிம்லா (1903) 762. அந்தக் கணக்கில் நீலகிரி சற்று அகலமானது. ஆனால் பார்வையாளரின் அனுபவத்தில் இந்த வேறுபாடு பெரிதில்லை. சிறிய பெட்டிகள், நெருக்கமான வளைவுகள், நடையோடு போட்டியிடும் வேகம் ஆகிய மூன்றும் எல்லா மலைப் பாதைகளுக்கும் பொது.

இக்கட்டுரையின் கேள்வி இது: இத்தனை ஆண்டுகளாக இந்த ரயிலைப் படமெடுத்தவர்கள் எதைப் பார்த்தார்கள், எதை விட்டார்கள்? நம் திரைப்படங்கள் ரயிலை மனிதர்களுக்கான மேடையாகவே எடுத்தன. ரயில் என்ன செய்கிறது என்பதை எடுக்கவில்லை என்பது என் முடிவு. நீராவி ரயிலில் அந்தச் செய்கை கண்ணைவிடக் காதுக்கே முதலில் தெரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

2. இயந்திரத்தின் இயல்பு

மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை 1899-இலும் அதன் நீட்டிப்பு ஊட்டி வரைக்கும் 1908-இலும் திறக்கப்பட்டன. கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டரில் புறப்படும் ரயில் 2203 மீட்டருக்கு ஏறுகிறது. 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். இந்த எண்களை எல்லாப் பயணக் கையேடுகளும் ஒப்பிக்கும். படமெடுப்பவருக்கு இவற்றைவிட முக்கியமானது கல்லாறு–குன்னூர் இடையிலான பல்சட்டம்.

அங்கே ஏற்றம் 12-க்கு 1 வரை போகிறது. வழுவழுப்பான சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் அவ்வளவு சரிவில் பிடித்து நிற்காது. அதனால் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்த இரண்டு சட்டங்கள் கிடத்தப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற முறை இது. பற்கள் தள்ளி இருப்பதால் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் சட்டத்தில் பதிந்தே இருக்கும். ஓட்டத்தில் குலுக்கலும் குறையும்.

இயந்திரங்கள் எக்ஸ் வகையைச் சேர்ந்தவை. 1914 முதல் 1925 வரையிலும் மறுபடி 1952-இலும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். கீழே இருப்பவை சாதாரணச் சக்கரங்களையும் மேலே இருப்பவை பல்சக்கரத்தையும் இயக்குகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமதளம். கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்து, வெளியேற்றும் நீராவியை நேரே புகைபோக்கிக்கு அனுப்பும். கல்லாற்றில் பல்சட்டத்தில் நுழைந்ததும் ஓட்டுநர் வால்வைத் திருப்புவார். கீழ்ச் சிலிண்டரில் ஒருமுறை உழைத்த நீராவி, புகைபோக்கிக்குப் போகாமல் மேல் சிலிண்டருக்குப் போய் இரண்டாம் முறையும் உழைக்கும்.

இதை அருகில் நின்று பார்த்தால் கண்ணுக்கு ஒரு விருந்து. மேல் தண்டுகள் பற்சக்கரங்களின் வழியே இயங்குவதால் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் சுழல்கின்றன. கீழே நிதானம், மேலே பரபரப்பு; இரண்டும் ஒரே இரும்பு உடம்பில். ரயிலைப் பற்றி ஒரே ஒரு காட்சிதான் எடுக்க முடியும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், பள்ளத்தாக்கை அல்ல.

காதுக்கு மாற்றம் இதைவிடத் தெளிவு. சமதளத்தில் புகைபோக்கியின் வீச்சு கனமாக, எண்ணக்கூடியபடி விழும். பல்சட்டத்தில் மேல் சிலிண்டர்களின் வெளியேற்றம் மட்டுமே புகைபோக்கிக்கு வருவதால் வீச்சுகள் நெருங்கி, அழுத்தம் இறங்கியதால் மென்மையாகவும் கேட்கும். ரயில் மெதுவாகிறது, சத்தமோ வேகமெடுக்கிறது. பின்னணி இசையை ஓட்டிவிட்ட எந்தப் படத்திலும் இது கேட்காது.

இன்னொரு முக்கியமான அமைப்பு: மேலேறும்போது இயந்திரம் வாலில் இருந்து தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டுவிடாமல் தாங்குவதற்காக இந்த ஏற்பாடு. ஆகவே முன்னால் பாதையைப் பார்ப்பது ஓட்டுநர் அல்ல, முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. முன்னிருப்பவரின் கொடிச் சைகை பெட்டி பெட்டியாகக் கைமாறி ஓட்டுநரை அடைகிறது. ஏறும் ரயிலை முன்னாலிருந்து எடுத்தால் இயந்திரமே தெரியாது. நீலப் பெட்டியும் கொடி பிடித்த மனிதரும் தெரிவார்கள். பலர் இதைக் குறையாக நினைத்து இறங்கும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த ரயிலின் உழைப்பு எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் கோணமே அதுதான்.

3. இடமும் பொழுதும்

காலை ஏழு மணியை ஒட்டி மேட்டுப்பாளையத்தில் புறப்படும் வண்டி நண்பகலில் ஊட்டி சேர்கிறது. இறங்குவதற்கு அதைவிட நேரம் குறைவு. பல்சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர் அளவில்தான். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு நாலரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பள்ளத்தாக்கில் ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சத்தம் கேட்டால் முக்காலியை நிறுத்தி, ஒளியளவு பார்த்து, ஒலிவாங்கிக்குக் காற்றுறை மாட்டவும் நேரம் இருக்கிறது. உலகின் பெரும்பாலான ரயில்கள் படமெடுப்பவருக்கு இந்த அவகாசத்தைத் தருவதில்லை.

வெண்புகை என்று நாம் சொல்வது பெரும்பாலும் குளிர்ந்த நீராவித் துளிகளே. காற்று குளிர்ந்திருக்கும்போது அது திரண்டு நிற்கும், வெயில் ஏறியதும் வந்த சுவடின்றி மறையும். எனவே மார்கழி, தை மாதக் காலைகள் உகந்தவை. வெயிலுக்கு எதிரே காமிராவை வைத்தால் அந்தத் துளிகள் ஒளிரும். வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் போனால் மண்சரிவால் ரயிலே ஓடாமல் இருக்கலாம்.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி போன்ற காட்டு நிலையங்களில் சிலவற்றில் இயந்திரம் தண்ணீர் பிடிக்க நிற்கும். பயணிகள் இறங்கிக் கால் நீட்டுவார்கள். குரங்குகள் பிஸ்கட்டுக்கு வரும். தண்ணீர்க் குழாயைத் திருப்புபவர், அச்சுகளுக்கு எண்ணெய் விடுபவர், சக்கரத்தைக் கைவைத்துச் சூடு பார்ப்பவர் என ரயிலின் உள்வேலை முழுக்க இந்த நிறுத்தங்களில் வெளிப்படையாக நடக்கிறது. ஆனால் இந்த நேரத்தில்தான் எல்லோரும் கைப்பேசியைத் தங்கள் முகத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள்.

தண்டவாளத்தின்மேல் நடந்து நல்ல கோணம் தேடுவது வேறு கதை. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. கல்லாற்றுப் பகுதி யானைகளின் வழித்தடமும் ஆகும். சட்டத்துக்கு அஞ்சாதவர் அதற்காவது அஞ்ச வேண்டும்.

4. திரையில் மலை ரயில்

பாலு மகேந்திராவின் மூன்றாம் பிறை (1982) இறுதிக் காட்சி கேத்தி நிலையத்தில் எடுக்கப்பட்டது. நினைவு திரும்பிய பெண்ணுக்குத் தன்னை அடையாளம் காட்ட நாயகன் நடைமேடையில் குரங்குச் சேட்டை செய்கிறான். அவள் அவனைப் பித்தன் என்று எண்ணுகிறாள். கூர்ந்து பார்த்தால் அந்தக் காட்சியைச் சாத்தியமாக்குவது ரயிலின் மந்தகதி என்பது விளங்கும். விரைவு வண்டியாக இருந்தால் பத்து விநாடியில் எல்லாம் முடிந்திருக்கும். மெல்ல நகரும் வண்டியோடு ஒருவன் ஓடலாம், பின்தங்கலாம், கம்பத்தில் மோதி விழலாம், மீண்டும் எழலாம். கேத்தி பல்சட்டம் இல்லாத மேல்பகுதியில் இருக்கிறது. அன்று அங்கும் நீராவிதான். இப்போது குன்னூருக்கு மேலே டீசல். பாலு மகேந்திராவே ஒளிப்பதிவாளர். ஒளிப்பதிவுக்கும் நடிப்புக்கும் அந்தப் படம் தேசிய விருது பெற்றது. ஆயினும் அந்தக் காமிரா இயந்திரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

டேவிட் லீனின் எ பாசேஜ் டு இந்தியா (1984) இதே ரயிலை மராபார் குகைகளுக்குப் போகும் வண்டியாக்கியது. கதையில் அது வட இந்தியா, படத்தில் நீலகிரி. மணிரத்னத்தின் தில் சே, தமிழில் உயிரே (1998), நடனத்தையே கூரைமேல் ஏற்றியது. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் குகையின் இருளும் பச்சை மலையும் மாறி மாறி வருகின்றன. இதுவும் மெதுவான ரயிலின் கொடைதான். வடக்கே ஆராதனா (1969) டார்ஜிலிங் ரயிலை இப்படிப் பயன்படுத்திக்கொண்டது.

மலை ரயிலையே பொருளாகக் கொண்டு எடுத்தவர்கள் பெரும்பாலும் வெளியார். 2010-இல் பிபிசி இந்திய மலை ரயில்களைப் பற்றி எடுத்த மூன்று பாகத் தொடரில் ஒரு பாகம் நீலகிரி ஊழியர்களுடையது. அதைப் பார்த்த பிறகு, அந்த வேலையை நம்மவர்கள் முன்பே செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எழாமல் இல்லை. யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றதும், அதற்கு முன்னும் பின்னும் திரும்பத் திரும்பத் திரையில் வந்ததும் இந்த ரயிலுக்கு அரணாயின. நட்டத்தில் ஓடும் பாதையை மூட நினைப்பவருக்கு அதன் புகழே தடை.

5. படமெடுக்கப்படாத நீராவி

விழுப்புரத்துக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்கும் பிரியும் சந்திப்பு இது. புதுச்சேரிக் கிளை 1879-இலேயே திறக்கப்பட்டது. 1960களில் மீட்டர் கேஜ் மின்மயமாக்கல் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை வந்து நின்றது. அதன் பலன் விசித்திரமானது: எழும்பூரிலிருந்து ஜப்பானில் செய்த மின் இயந்திரம் இழுத்துவந்த வண்டியை இங்கே கழற்றி, தெற்கே கொண்டுபோக நீராவியோ டீசலோ பூட்டுவார்கள். இரு காலங்கள் ஒரே நடைமேடையில் கைமாறிய இடம். அந்த மாற்றத்தை முழுமையாகப் பதிவு செய்த ஒரு தமிழ் ஆவணப்படம் என் பார்வைக்குக் கிடைக்கவில்லை.

அதற்குக் காரணங்கள் வெளிப்படை. காமிரா விலை, படச்சுருள் விலை, நிலையங்களில் படமெடுக்க இருந்த தடை. அதையும் மீறி 1970களிலும் 80களிலும் அனுமதிக் கடிதத்தோடு ஐரோப்பியர்கள் வந்து ஒய்பி, ஒய்ஜி வகை இயந்திரங்களைப் படமெடுத்தார்கள். தங்கள் நாடுகளில் நீராவி போய்விட்ட ஏக்கம் அவர்களுக்கு. நமக்கோ அது தினம் கரி தூவும் சமாச்சாரம். வெள்ளை வேட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்கு அதில் அழகு தெரியாது.

இருந்தாலும் சான்று அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பச்சை விளக்கு (1964) படத்தில் சிவாஜி கணேசன் இயந்திர ஓட்டுநர். கிழக்கே போகும் ரயில் (1978) தலைப்பிலேயே ரயிலைச் சுமக்கிறது. ஒருதலை ராகம் (1980) மாணவர்கள் தினமும் போய்வரும் வண்டி மயிலாடுதுறைப் பக்கத்து மீட்டர் கேஜ். கதைக்குப் பின்னால் தற்செயலாகப் பதிந்த இயந்திரங்களையும் நிலையக் கட்டடங்களையும் சட்டகம் சட்டகமாகப் பிரித்து அடையாளம் கண்டால் ஒரு கணிசமான ஆவணம் திரளும். புதுச்சேரிக் கிளை 2004-இல் அகலப்பாதையானது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம் வழியே போன பழைய வண்டியைப் பார்க்க இனி அப்படிப்பட்ட ஓரச் சட்டகங்கள்தான் கதி.

6. இனி எடுக்க வேண்டியவை

நீலகிரியில் எரிபொருள் மாறிக்கொண்டிருக்கிறது. நிலக்கரியிலிருந்து பர்னஸ் ஆயில், அதிலிருந்து டீசல் என்று இயந்திரங்கள் மாற்றப்பட்டன. காட்டில் தீப்பொறி விழும் அச்சம் அதற்கு ஒரு காரணம். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-க்குப் பின் எண்ணெயில் எரியும் புதிய எக்ஸ் இயந்திரங்களைச் செய்தது. 2021-இல் மறுபடி நிலக்கரியில் எரியும் ஒன்றையும் செய்து முடித்தது. 1928-இல் தொடங்கிய அதே பணிமனைதான் விழுப்புரத்தில் ஓடிய தென்னக இயந்திரங்களுக்கும் பழுது பார்த்தது. நீலகிரியில் இப்போது இரு வகையும் இருப்பதால், கரியில் எரியும் இயந்திரத்தையும் எண்ணெயில் எரியும் இயந்திரத்தையும் ஒரே ஏற்றத்தில், ஒரே இடத்தில் ஒலிவாங்கி வைத்துத் தனித்தனியே பதிவு செய்வது இன்று சாத்தியம். எண்ணெய்த் தீயின் இடையறாத இரைச்சல் புகைபோக்கி வீச்சை எவ்வளவு மூடுகிறது என்பதை அதிலிருந்து அளக்கலாம்.

காட்சியில் வேண்டியது கைகள்: கொடி மாற்றும் கை, பிரேக் சுற்றும் கை, குன்னூர் ஷெட்டில் பல்சக்கரத்தின் தேய்மானம் பார்க்கும் கை. கல்லாற்றில் பல் கவ்வும் கணத்தைத் தரைமட்டத்தில் காமிரா வைத்து எடுக்க ரயில்வேயின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் இடத்தையும் நேரத்தையும் துல்லியமாகச் சொல்வது நல்லது.

விழுப்புரத்தில் எடுக்க இயந்திரம் இல்லை, ஆட்கள் இருக்கிறார்கள். நீராவியில் ஃபயர்மேனாக இருந்து டீசலுக்கு மாறி ஓய்வு பெற்றவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் "அந்தக் காலம் எப்படி இருந்தது" என்று கேட்டால் ஏக்கம்தான் பதிலாக வரும். கேட்க வேண்டியவை வேறு: புதுவைக் கிளையில் எங்கே தண்ணீர் பிடித்தீர்கள், எந்தக் கரி சாம்பல் அதிகம் விட்டது, மின் இயந்திரத்தைக் கழற்றி நீராவி பூட்ட எத்தனை நிமிடம் ஆனது, மழையில் சக்கரம் வழுக்கினால் மணல் எப்படிப் போட்டீர்கள், பல்சட்டம் இல்லாத உங்களுக்குக் கடினமான ஏற்றம் எது. பதிலை அவர்கள் கையசைத்துச் சொல்வார்கள். காமிரா முகத்தைவிட்டுக் கைக்கு இறங்கியிருக்க வேண்டும்.