போறணை இல்லாத இனிப்பு: ஒரு ரின்பாலின் கதை

நத்தார் கிட்ட வந்தால் போதும், போனைத் திறந்தவுடன் ஒரே மாதிரியான வீடியோக்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். மூன்றே பொருட்கள், பத்தே நிமிடம், அவன் தேவையில்லை. ஒரு ரின்பாலைத் தாச்சியில் ஊற்றி, கொஞ்சம் கொக்கோவோ தேங்காய்ப்பூவோ போட்டுக் கிண்டி, தட்டில் கொட்டி வெட்டினால் முடிஞ்சுது. தீபாவளிக்கும் சித்திரை வருசத்துக்கும் இதே வீடியோ வேறு தலைப்போட வரும்.

இந்தச் 'சுலபம்' எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால், அது ஒரு தகர ரின்னுக்குள் நூற்றைம்பது வருசத்துக்கு மேலாக அடைபட்டுக் கிடக்கும் கதை.

முதலில் அந்த 'அவன் தேவையில்லை' என்ற விசயம். எங்கட ஆக்களுக்கு அது ஒரு புதினமே இல்லை. பாண் போர்த்துக்கேயரோட வந்தது. அதைச் சுடும் போறணையின் பெயரும் அவர்களிடமிருந்து வந்ததுதான். போறணை பேக்கரியில் இருந்தது. வீட்டுக் குசினியில் அடுப்புத்தான். அரியதரம் எண்ணெயில் பொரிந்தது, எள்ளுருண்டை கையில் உருண்டது, தொதல் தாச்சியில் கிண்டுப்பட்டது. அவன் இல்லாமல் கொண்டாட்டத்துக்கு இனிப்புச் செய்யிறது காலகாலமாக நடந்த வேலை. புதிசு எதுவென்றால், அந்தப் பத்து நிமிடம்தான்.

தொதல் கிண்டின வீட்டு ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. தேங்காய் துருவி, பால் பிழிந்து, மணிக்கணக்காக ஆள் மாறி ஆள் நின்று கிண்டவேண்டும். மாட்டுப்பாலை வற்றவைத்துச் செய்யும் இனிப்பும் அப்படித்தான். அடிப்பிடிக்காமல் பார்க்க ஒராள் அடுப்பை விட்டு நகராமல் நிற்கவேண்டும். அந்த ஒராள் பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும். அப்ப அந்த மணித்தியாலங்கள் எங்க போச்சுது? ரின்னுக்குள்ள போச்சுது.

அதை ரின்னுக்குள் போட்டவர்களில் முக்கியமானவர் கேல் போர்டன் என்ற அமெரிக்கர். 1801இல் பிறந்தவர். நில அளவை, பத்திரிகை என்று பல தொழில் பார்த்தவர். இறைச்சிச் சாற்றையும் மாவையும் சேர்த்து, கெடாத 'இறைச்சி பிஸ்கட்' ஒன்றைச் செய்தார். 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. சந்தையில் அது விழுந்துபோனது. பிறகு பாலின் பக்கம் திரும்பினார். திறந்த பாத்திரத்தில் காய்ச்சினால் பால் கருகும், மணம் மாறும். சீனி ஆலைகளில் அப்போதே வெற்றிடத் தாச்சி என்றொரு கருவி பாவனையில் இருந்தது. மூடிய பாத்திரத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் உள்ளே அமுக்கம் குறையும். 100 பாகைக்கு எவ்வளவோ கீழேயே திரவம் கொதிக்கும். போர்டன் பாலை அப்படி வற்றவைத்தார். 1856 ஓகஸ்ட் மாதம் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நீரில் பாதிக்கு மேல் போய்விடும், சீனி சேரும். கடைசியில் ரின்னுக்குள் இருப்பதில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் சீனிதான். அந்தச் சீனிதான் பாலைக் கெடாமல் வைத்திருக்கிறது. நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நீரை அது தன்னோடு கட்டிவைத்துவிடும்.

அந்தக் காலத்து நியூயோர்க்கில் பால் பயங்கரமான பொருளாக இருந்தது. சாராயம் வடித்து மிஞ்சிய கழிவைத் தின்று, அடைத்த கொட்டகைகளில் நோயோடு நின்ற மாடுகளின் பாலில் தண்ணீரையும் சுண்ணத்தூளையும் கலந்து விற்றார்கள். 1858இல் ஒரு படப் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. கெடாத, கலப்படமில்லாத ரின்பாலுக்கு அந்த நேரம் ஒரு வரம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடபகுதி இராணுவம் அதைப் பெருமளவில் வாங்கியது. வீடு திரும்பிய சிப்பாய்களோட அந்தச் சுவையும் வீட்டுக்கு வந்தது. பாதுகாப்பான பால் கிடைக்காத நகரமும் ஒரு போரும்தான் ரின்பாலை நிலைநிறுத்தின. இனிப்புச் செய்வது அப்போது யாருடைய நினைப்பிலும் இல்லை.

அதே நாட்டில் இன்னொரு பக்கம், அடுப்பில் கிண்டும் 'ஃபட்ஜ்' என்ற இனிப்புப் பிறந்துகொண்டிருந்தது. வாசார் என்ற பெண்கள் கல்லூரியில் படித்த எமலின் ஹார்ட்றிட்ஜ் பிற்காலத்தில் எழுதிய கடிதம் ஒன்று அதற்குச் சாட்சி. 1886இல் பால்ரிமோர் நகரில் ஃபட்ஜ் ஒரு றாத்தல் 40 சதத்துக்கு விற்கப்பட்டதாம். அவர் செய்முறையை வாங்கிவந்து, 1888இல் கல்லூரி ஏலத்துக்காக 30 றாத்தல் செய்தாராம். பிறகு அது மற்றப் பெண்கள் கல்லூரிகளுக்கும் பரவியது. விடுதி அறையில் போறணை ஏது? சின்ன ஒரு சுடரும் ஒரு பாத்திரமும் போதும். விடுதிச் சாப்பாட்டைத் தாண்டி, தங்கட கையால் தங்களுக்காக ஏதோ செய்து கூடியிருந்து தின்றதில் ஒரு சுதந்திரமும் இருந்திருக்கும்.

ஆனால் அந்த ஃபட்ஜ் சுலபமில்லை. சீனிப்பாகு 114 பாகை அளவுக்குப் போகவேண்டும். குறைந்தால் இறுகாது, கூடினால் கல்லு. ஆற முதல் கிண்டினால் சீனி பெரிய பளிங்குகளாகத் திரண்டு நாக்கில் மணல் மாதிரி நெருடும். ரின்பாலில் செய்யும்போது இந்தத் தலையிடியில் பெரும்பகுதி இல்லை. சீனி ஏற்கெனவே கரைந்து, பால் ஏற்கெனவே வற்றி, வேலையின் கடினமான பாதி தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும்.

மலிவான சீனி இல்லாமல் இதெல்லாம் நடந்திராது. எமலின் குறிப்பிடும் அதே 1886இல்தான் கியூபாவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்காவுக்குச் சீனி அனுப்பிய பெரிய தோட்டம் கியூபா. அவர் 30 றாத்தல் கிண்டிய 1888இல்தான் பிறேசிலில் அது ஒழிந்தது. பிரித்தானியர் தங்கட காலனிகளில் அடிமைமுறையை நிறுத்தியபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். மொரிசியசுக்கும், 1860இல் மெட்ராசிலிருந்து 'ட்றூரோ' என்ற கப்பலில் நேட்டாலுக்கும், பிறகு பீஜிக்கும் போனவர்களில் தமிழர்கள் ஏராளம். உலகச் சந்தையில் சீனியின் விலையைக் கீழே பிடித்துவைத்த கைகளில் எங்கட கைகளும் இருந்தன. 'சுலபம்' என்ற சொல்லுக்குள் இந்தக் கஷ்டமும் சேர்த்திதான். அது காணாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது.

இன்னொரு இருண்ட பக்கமும் உண்டு. 1866இல் பேஜ் சகோதரர்கள் என்ற அமெரிக்கர்கள் சுவிற்சர்லாந்தில் ரின்பால் கம்பனி ஒன்றைத் தொடங்கினார்கள். 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. காலனிகள் எங்கும் ரின்பால் போனது, கைக்குழந்தைகளுக்கான உணவாகவும் போனது. சீனி நிறைந்த, தண்ணீர் விட்டுக் கரைத்த அந்தப் பாலில் குழந்தைக்குத் தேவையான சத்துக்கள் போதாது. யமேக்காவில் பிறந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானாவில் குழந்தைகளின் ஊட்டக்குறைபாட்டு நோயான குவாஷியோர்க்கரை மருத்துவ உலகுக்கு விவரித்தவர். பிறகு மலாயாவில் வேலை செய்தார். தாதி உடை போட்ட பெண்களை வைத்துத் தாய்மாரிடம் ரின்பாலைப் பரப்புவதை அங்கே கண்டார். 1939இல் சிங்கப்பூர் றோட்டரி கழகத்தில் பேசினார். அந்தப் பேச்சின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பாலும் கொலையும்'. தலைப்பில் அவர் எதையும் மிகைப்படுத்தவில்லை. தவறான குழந்தையுணவைப் பரப்புவதால் வரும் சாவுகளைக் கொலையாகவே கணக்கெடுக்கவேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். இன்றைக்குப் பல நாடுகளில், குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்ற எச்சரிக்கையை ரின்னிலேயே பார்க்கலாம்.

தொட்டிலடியில் இருக்கக்கூடாத அந்த ரின் இனிப்புத் தட்டுக்கு வந்த கதையைச் சொல்லச் சரியான இடம் பிறேசில். 1921இல் சாவோ பாவுலோ மாநிலத்தின் அறாறாஸ் என்ற ஊரில் நெஸ்லே தன் முதலாவது பிறேசில் தொழிற்சாலையைத் திறந்தது. செய்தது ரின்பால். லேபலில் பால் சுமக்கும் ஒரு பெண்ணின் படம். சனம் அதைப் 'பெண்பிள்ளைப் பால்' என்று கூப்பிட, கடைசியில் அதுவே அதன் பெயராகிவிட்டது.

1932இல் பிறேசில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. பிறகு வார்காசின் சர்வாதிகாரம் வந்து தேர்தல்களே நின்றுபோயின. 1945 டிசம்பரில் மறுபடி சனாதிபதித் தேர்தல். வேட்பாளர்களில் ஒருவர் விமானப்படை அதிகாரி எடுவார்டோ கோமஸ். 1922இல் கொப்பகபானாக் கோட்டைக் கிளர்ச்சியில் உயிர் தப்பியவர், கலியாணம் கட்டாதவர். அவருடைய இராணுவப் பதவியின் பெயர் 'பிறிகதெய்றோ'. பிறேசிலில் அதிகம் சொல்லப்படும் கதைப்படி, அவருடைய பெண் ஆதரவாளர்கள் ரின்பாலையும் கொக்கோவையும் பட்டரையும் கிண்டி உருட்டி, பிரசாரத்துக்காகப் பரிமாறினார்கள், விற்றுக் காசும் சேர்த்தார்கள். அந்த உருண்டைக்கு 'பிறிகதெய்றோ' என்றே பெயர் நிலைத்தது. நாட்டின் தெற்கில் அதற்கு வேறு பெயரும் உண்டு.

கோமஸ் தோற்றார். 1950இல் மறுபடி நின்று மறுபடியும் தோற்றார். இன்றைக்கு பிறேசிலில் பிறிகதெய்றோ இல்லாமல் ஒரு சின்னப் பிள்ளையின் பிறந்தநாள் இல்லை. சனாதிபதி ஆனவரின் பெயரில் அப்படி ஒரு இனிப்பும் இல்லை. சனாதிபதியைத் தெரிவு செய்ய முதன்முதலாக வாக்குப் போடப்போன ஏராளமான பெண்கள் இருந்த தேர்தல் அது. அரசியலுக்குள் அவர்கள் கொண்டுபோன ஆயுதம் குசினியிலிருந்து வந்தது என்பதை ஒரு பகிடியாகவும் பார்க்கலாம், ஒரு கெட்டித்தனமாகவும் பார்க்கலாம்.

செய்து பார்க்க விரும்பினால் இதோ. ஒரு ரின்பால், மூன்று மேசைக்கரண்டி கொக்கோ, ஒரு மேசைக்கரண்டி பட்டர். மூன்றையும் தாச்சியில் போட்டு மெல்லிய நெருப்பில் விடாமல் கிண்டுங்கோ. அகப்பையை இழுக்கும்போது தாச்சியின் அடி ஒரு கணம் தெரிந்து, கலவை ஒன்றாகத் திரண்டு வந்தால் இறக்குங்கோ. ஆறினதும் கையில் பட்டர் பூசி உருட்டி, சொக்லேட் தூவலில் புரட்டுங்கோ. முதல் தடவை கொஞ்சம் இளகலாக வந்தால் குறை நினைக்காமல் கரண்டியால் சாப்பிடலாம். பிறேசில்காரரும் அப்படிச் சாப்பிடுகிறவர்கள்தான்.

இனி எங்கட மில்க் ரொபிக்கு வருவம். ரின்பாலும் சீனியும் கொஞ்சத் தண்ணியும் சேர்த்து, தாச்சியை விட்டுக் கழரும் வரை கிண்டி, வறுத்த கஜுவும் வனிலாவோ ஏலக்காயோ போட்டு, பட்டர் பூசிய தட்டில் கொட்டி, சூடு ஆற முதல் சாய்சதுரமாக வெட்டுவது. நத்தாருக்கும் தீபாவளிக்கும் வருசத்துக்கும், சிங்கள வீட்டிலும் தமிழ் வீட்டிலும், ஒரே சாய்சதுரம். மதமும் மொழியும் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்குப் போகும் தட்டில் அது கட்டாயம் இருக்கும். 'எங்கட பாரம்பரியம்' என்று சொல்லிக்கொண்டே தருவார்கள். ஆனால் ரின் இல்லாமல் இந்த ரொபி இல்லை; ரின்னோ ஒரு தொழிற்சாலையின் பிள்ளை. அதனால் அது எங்களுடையது இல்லை என்று ஆகிவிடுமா? பாண் எங்களுடையது என்றால் மில்க் ரொபியும் எங்களுடையதுதான். பல வீடுகளில் பல பேர் திரும்பத் திரும்பச் செய்தால் ஒரு பொருள் பாரம்பரியமாகிவிடும். அதற்கு ஆயிரம் வருசம் தேவையில்லை.

ரின்னை நம்பிய சுலபத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். பால்மாவுக்கும் காசுக்கும் சனம் வரிசையில் நின்ற 2022இல், 'மூன்றே பொருட்கள்' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் வந்தது. மூன்றில் ஒன்று கப்பலில் வராவிட்டால் செய்முறையே நின்றுவிடும்.

இன்னொரு விலை இதைவிட மெதுவாகக் கழிகிறது. கம்பனிகள் தங்கட செய்முறையை லேபலில் அச்சடித்தன, புத்தகம் போட்டன, இப்போது வீடியோவும் போடுகின்றன. அது அழியாது. அம்மம்மாவின் தொதலோ கண்ணளவு, கையளவு. பச்சையரிசி மா எவ்வளவு, பனங்கட்டி எவ்வளவு, எந்த நிறம் வந்தால் இறக்குவது என்று எங்கேயும் அச்சாகவில்லை. எழுதி வைத்திருந்த கொப்பிகளும் பல வீடுகளில் இடம்பெயர்வோடு போய்விட்டன. தொதலைத்தான் செய், மில்க் ரொபியை விடு என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மணித்தியாலம் அடுப்படியில் நிற்கச் சொல்லி யாரையும் கேட்கும் உரிமை எனக்கில்லை, அதுவும் வழமையாக நிற்கிறவர்களிடம். கேட்பது ஒன்றுதான்: இந்த விடுமுறையில் பத்து நிமிடத்தில் ரொபியை வெட்டி முடித்தபிறகு மிச்சமிருக்கும் நேரத்தில், வீட்டில் மூத்த ஆளுக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியோட இருங்கோ. ரின் வர முதல் உங்கட வீட்டில் கொண்டாட்டத்துக்கு என்ன செய்தவர்கள், எத்தனை சுண்டு மா, எத்தனை தேங்காய், யார் கிண்டினது என்று கேட்டு எழுதுங்கோ. கிண்டின ஆளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கோ.