குட்டியிடும் வண்ண மீன்களின் வீட்டு இனப்பெருக்கம்

குட்டியிடும் வண்ண மீன்களின் வீட்டு இனப்பெருக்கம் என்பது கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய சிறிய நன்னீர் மீன்களை வீட்டிலேயே குட்டி எடுத்து வளர்க்கும் பொழுதுபோக்கு ஆகும். இதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே செய்துகொள்ள முடியும். இக்கட்டுரை தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளின் நீர், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றை முன்வைத்து அக்கருவிகளையும், அவை தீர்க்கும் சிக்கல்களையும், தீர்க்காத ஒரு சிக்கலையும் விளக்குகிறது.

சென்னையில் வண்ண மீன் உற்பத்திக்கும் மொத்த வணிகத்திற்கும் பெயர்பெற்ற இடம் நகரின் வடமேற்கில் உள்ள கொளத்தூர் ஆகும். தென்புறநகர்க் கடைகளில் விற்கப்படும் மீன்களில் பலவும் அங்கிருந்து வருபவையே.

மீன்கள்

பெரும்பாலான மீன்கள் நீரில் முட்டையிட, அம்முட்டைகள் உடலுக்கு வெளியே கருவுறுகின்றன. பொசிலிடே குடும்பத்தைச் சேர்ந்த மேற்கூறிய நான்கும் அவ்வாறல்ல. ஆண் மீனின் குதத்துடுப்பு ஒரு சிறு கோல்போல் நீண்டு விந்தணுக்களைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பாக மாறியுள்ளது. கரு தாயின் உடலுக்குள்ளேயே வளர்ந்து, பிறந்தவுடன் நீந்தக்கூடிய குட்டியாக வெளிவருகிறது. ஆண், பெண் வேறுபாட்டை அறிய இத்துடுப்பைப் பார்த்தலே போதுமானது. பெண்ணுக்கு அது விசிறி வடிவில் இருக்கும்.

கப்பியை 1859ஆம் ஆண்டில் வில்லெம் பீட்டர்சு வெனிசுவேலாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பொசிலியா ரெட்டிகுலேட்டா என விவரித்தார். 1866இல் டிரினிடாட்டிலிருந்து இராபர்ட் லெக்மியர் கப்பி என்பவர் அனுப்பிய அதே மீனைப் புதிய இனம் என்று கருதி, அவர் பெயரை ஆல்பர்ட் குந்தர் அதற்குச் சூட்டினார். அறிவியலில் பழைய பெயரே நிலைத்தது. மக்கள் வழக்கில் நிலைத்தது கப்பியின் பெயர்.

கப்பி ஏறத்தாழ 3 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை குட்டி ஈனும். மோலிக்குச் சற்றுக் கூடுதல் காலம் தேவை. ஓர் ஈற்றில் இளம் பெண் மீன் பத்துக்கும் குறைவாகவும், நன்கு வளர்ந்தது ஐம்பதுக்கு மேலும் ஈனலாம். ஒருமுறை இணைந்த பெண் விந்தணுக்களைப் பல மாதங்கள் உடலில் சேமித்து வைத்து, ஆண் அருகில் இல்லாமலேயே அடுத்தடுத்துக் குட்டி ஈனும். கடையிலிருந்து வாங்கிவந்த ஒரே ஒரு பெண் மீன் தனித் தொட்டியில் குட்டி போடுவதன் காரணம் இதுவே.

நீர்

தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் சார்னோகைட்டு என்னும் கடினப் பாறையின் மேல் அமைந்தவை. (1893இல் தாமசு ஹாலந்து இப்பாறைக்கு அப்பெயரை இட்டார். கொல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்பது பெயருக்குக் காரணம்.) இப்பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் பலவற்றின் நீர் கடினநீர் ஆகும். வாளியிலும் குழாய் முனையிலும் படியும் வெண்படலம் இதற்குச் சான்று. வீட்டாருக்குத் தொல்லையான இந்நீர் குட்டியிடும் மீன்களுக்கு உகந்தது. காரத்தன்மை எண் 7 முதல் 8 வரை உள்ள, உப்புச் சத்து மிகுந்த நீரையே இவை விரும்புகின்றன. மோலி உவர்நீரிலும் வாழவல்லது.

எனவே ‘சுத்தமான தண்ணீர்’ என்று எண்ணி ஆர்.ஓ. இயந்திர நீரைத் தொட்டியில் நிரப்புவது தவறாகும். தாது உப்புகள் நீக்கப்பட்ட அந்நீரில் மோலிகள் துடுப்பை மடக்கிக்கொண்டு, முன்னே நகராமல் நின்ற இடத்திலேயே உடலை ஆட்டிக்கொண்டிருக்கும். நோய் என்று கருதி மருந்து ஊற்றுவோர் பலர். நீரை மாற்றுவதே தீர்வு.

ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்தவுடன் ஊற்றலாகாது. அதில் கரைந்துள்ள ஆக்சிசன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு மிகுதியாகவும் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து, இயன்றால் காற்றுச் செலுத்திப் பின் பயன்படுத்த வேண்டும். குடிநீர் வாரிய நீருக்கும் லாரி நீருக்கும் குளோரின் நீங்குவதற்காக இதே முறை பொருந்தும்.

கடினநீருக்கு ஒரு குறையும் உண்டு. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் அயனியாகாத வடிவமே நச்சு. காரத்தன்மை எண் ஒன்று கூடினால் அதன் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். 30 பாகை செல்சியசில் எண் 7 ஆக இருக்கையில் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். எண் 8 ஆகும்போது அது நூற்றில் ஏழு பங்கைத் தாண்டும். மேலும் 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் 7.6 மில்லிகிராம் மட்டுமே. குளிர்நாட்டு நூல்களில் தரப்படும் ‘இத்தனை லிட்டருக்கு இத்தனை மீன்’ என்னும் கணக்கைச் சென்னையின் மே மாதத்தில் அப்படியே கொள்ள இயலாமைக்கு இவ்விரண்டும் காரணங்கள். இதற்கு ஈடாக, வெப்பமூட்டி வாங்கும் செலவு இங்கு அநேகமாக இல்லை.

நுரைப்பஞ்சு வடிகட்டி

வீட்டில் செய்யத்தக்க கருவிகளுள் முதன்மையானது இது. விசையுடன் நீரை இழுக்கும் வடிகட்டிகள் குட்டிகளையும் உள்ளிழுத்துவிடும். நுரைப்பஞ்சு வடிகட்டியில் அந்த அச்சம் இல்லை.

தொட்டி நீர்மட்டத்தை ஏறத்தாழ எட்டும் நீளத்தில் 20 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றை வெட்டி, அதன் கீழ்ப்பகுதியில் நாலாபுறமும் துளைகள் இட்டு, அடிமுனையை மூடியால் அடைக்க வேண்டும். துளையுள்ள பகுதியின் மேல் நடுவே குடைந்த நுரைப்பஞ்சைச் செருகி, கீழே ஒரு தரை ஓட்டுத் துண்டைக் கட்டினால் மிதக்காது. காற்றிறைப்பியின் மெல்லிய குழாயை மேலிருந்து உள்ளே விட்டு, அதன் நுனி அடிவரை செல்லுமாறு அமைக்க வேண்டும். மேலெழும் காற்றுக் குமிழ்கள் குழாயினுள் உள்ள நீரை உடன் தூக்கிச் செல்ல, அவ்விடத்தை நிரப்பப் பஞ்சின் வழியாக வெளிநீர் உட்புகும். பாத்திரம் துலக்கும் பஞ்சு வாங்குவோர் அதில் கிருமிநாசினி சேர்க்கப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பஞ்சு அழுக்கைப் பிடிப்பது இரண்டாம் பயனே. அதன் நுண்துளைகளில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். பஞ்சைக் குழாய் நீரில் ‘பளிச்’சென்று கழுவினால் அவை அழிந்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் இருமுறை பிழிந்தாலே போதும்.

காற்றிறைப்பியைத் தொட்டியின் நீர்மட்டத்திற்கு மேலே உள்ள பலகையில் வைப்பது நலம். கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் தொட்டி நீர் குழாய் வழியே திரும்பி இறைப்பிக்குள்ளும் தரையிலும் வடியக்கூடும். மின்கம்பி மின்செருகியை அடையுமுன் ஒரு வளைவு கீழே தொங்குமாறு விடப்பட வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவில் சொட்டிவிடும். மின்சாரம் பாயும் எதையும் வீட்டில் செய்யாமல் கடையில் வாங்குவதே முறை.

மின்தடை

2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையிலும் பள்ளிக்கரணை, முடிச்சூர் முதலிய இடங்கள் நீரில் சூழ்ந்தன. எனவே வடகிழக்குப் பருவமழைக் காலத்திற்கு முன்னரே ஆயத்தம் தேவை. 5 வோல்ட்டில் இயங்கும் ஒரு வாட் அளவிலான சிறு காற்றிறைப்பி, 10,000 மில்லியாம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்றில் ஒரு நாள் அளவுக்கு ஓடும். அதுவும் இல்லையெனில் தொட்டி நீரைச் செம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம். மின்சாரம் திரும்பும்வரை உணவு இடலாகாது. வளர்ந்த மீன்கள் சில நாட்கள் பட்டினியைத் தாங்கும்; அழுகும் உணவு உண்டாக்கும் நச்சைத் தாங்கா.

குட்டிக் கூண்டு

இம்மீன்கள் தம் குட்டிகளையே தின்னும் இயல்புடையவை, தாயும் விலக்கன்று. குட்டிகளைக் காக்கக் கடைகளில் கிடைக்கும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் நீரோட்டம் குறைவு. அதில் அடைபட்ட தாய் மிரண்டு, உரிய காலத்திற்கு முன்பே ஈனுவதுண்டு. துளையிட்ட குடிநீர்ப் போத்தலைத் தொட்டியில் மிதக்கவிடுவோர் உளர். அதற்கும் இக்குறை பொருந்தும்.

இதைவிடச் சிறந்தது வலைக் கூண்டு. 3 முதல் 4 மி.மீ. கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையைப் பெட்டி வடிவில் மடித்து நைலான் இழையால் தைத்து, மேல் விளிம்பில் தெர்மோகோல் துண்டுகளைக் கட்டினால் மிதக்கும். பிறந்த குட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமும் மிக ஒடுங்கிய உடலும் உடையதாகையால் வலைக்கண் வழியே வெளியேறிவிடும். தாயால் தொடர முடியாது. வெளித்தொட்டியில் வேறு பெரிய மீன் இருத்தலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். வெட்டிய வலையின் முனைகள் கூர்மையானவை. அவற்றை வெளிப்புறமாக மடித்துத் தைக்காவிடில் மீனின் செதில்கள் உரியும்.

கூண்டே இல்லாமல், தொட்டியின் பாதியை வேலம்பாசியால் அடர்த்தியாக நிரப்பியும் குட்டிகளைக் காக்கலாம். சில குட்டிகள் இழக்கப்படும். எனினும் தாய்க்குத் துன்பம் இல்லாத முறை இதுவே. எல்லாக் குட்டிகளையும் பிழைக்கவைப்பது உண்மையில் தேவைதானா என்ற வினாவும் பின்னர் வருகிறது.

குட்டிகளுக்கான உணவு

முதல் இரு வாரங்களில் உயிருணவு பெற்ற குட்டிகளின் வளர்ச்சி தூளுணவு மட்டும் பெற்றவற்றினும் விரைவானது. ஆர்ட்டீமியா எனப்படும் உப்புநீர் இறால் வகையின் உறங்கு முட்டைகளைப் பொரிக்கவைக்க ஒரு பழைய போத்தல் போதும். அடிப்பகுதியை வெட்டி நீக்கித் தலைகீழாக நிறுத்தி, ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் கல் உப்பு கரைத்து, மூடி வழியே காற்றுச் செலுத்தி வெளிச்சத்தில் வைத்தால், சென்னை வெப்பத்தில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்தியபின் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். வெளிச்சத்தை நாடும் குஞ்சுகளை விளக்கு ஒன்றால் கீழ்ப்புறம் திரட்டி, மெல்லிய துணியில் வடித்து, நன்னீரில் அலசித் தரலாம். தூத்துக்குடி உப்பளங்களிலும் ஆர்ட்டீமியா வாழ்கிறதாயினும், கடைகளில் கிடைக்கும் முட்டைகளில் பல இறக்குமதியானவை; விலையும் மிகுதி. மலிவான மாற்று, பச்சை நீரில் வளரும் மோய்னா என்னும் நீர்த்தெள்ளு. அவித்த முட்டையின் மஞ்சள் கரு பரவலாகப் பரிந்துரைக்கப்படினும் சிறு தொட்டியின் நீரை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

மோய்னாவுக்கும் பச்சை நீருக்கும் வைக்கும் தொட்டிகளில் மீன் இல்லை என்பதால் அவை கொசு வளரும் இடங்களாகும். ஏடிசு கொசு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைகிறது. இவற்றைக் கொசுவலையால் இறுகக் கட்டி மூடுதல் கட்டாயம். கொசுப்புழு மீனுக்கு நல்ல உணவு என்று திறந்த வாளியில் அதை வளர்ப்பது, டெங்கு உள்ள நகரில் ஏற்கத்தக்கதன்று.

தொட்டிகள்

கண்ணாடித் தொட்டியைச் சிலிக்கோன் பசையால் ஒட்டிச் செய்யலாம். 60×30×30 செ.மீ. தொட்டி 54 லிட்டர், அதாவது 54 கிலோகிராம் நீர் கொள்ளும். தாங்கும் மேசையைப் பற்றி முதலில் எண்ண வேண்டும். குட்டிகளை வளர்க்கக் கண்ணாடி தேவையே இல்லை. பழுதான குளிர்பதனப் பெட்டியின் உடல், மீன் வரும் தெர்மோகோல் பெட்டி, கிணற்று உறை ஆகியவை தோட்டத்தில் பயன்படும். வெப்பத்தைத் தடுப்பதால் முதல் இரண்டும் கோடையில் சிறந்தவை. புதிய சிமெண்ட் உறையிலிருந்து சுண்ணாம்பு கரையுமாதலால் இரண்டு மூன்று வாரங்கள் நீரை நிரப்பியும் மாற்றியும் பக்குவப்படுத்த வேண்டும். வாழைமட்டையை அதில் ஊறப்போடும் வழக்கமும் உண்டு. மொட்டைமாடி வெயிலில் வைப்போர் நிழல்வலை கட்டுதல் நன்று.

தேர்ந்தெடுத்தல்

கப்பியில் ஆண் மீன்களின் நிறங்கள் சில தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கின்றன. 1920இல் யோகன்னசு சிமித்து முதுகுத் துடுப்பின் கரும்புள்ளி ஒன்றைக் கொண்டு இதனைக் காட்டினார். ஒரு நிறவகையைத் தொடர விரும்புவோர் ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களிலேயே ஆண், பெண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். பிந்தினால் விந்து சேமிப்பின் காரணமாகத் தந்தை எது என்று அறிய வழியில்லை. பிளாட்டியும் வாள்வாலும் ஒன்றோடொன்று கலந்து ஈனும் என்பதால் ஒரே தொட்டியில் விடுவது தகாது.

உபரி மீன்கள்

கருவிகள் அனைத்தும் செவ்வனே இயங்கினால் எழும் சிக்கல் இது. ஒரு பெண் கப்பி மாதம் 30 குட்டிகள் ஈன்று பாதி பிழைத்தாலும் ஆறு மாதங்களில் 90 மீன்கள். முதல் ஈற்றுப் பெண்கள் ஏறத்தாழ மூன்று மாதங்களில் தாமும் ஈனத் தொடங்குவதை இக்கணக்கு சேர்க்கவில்லை. 54 லிட்டர் தொட்டி ஓராண்டுக்குள் கொள்ளாமற் போகும்.

அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் இப்பகுதி ஏரிகள் தனித்தனியானவை அல்ல. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கத்திற்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்திற்கும் செல்கிறது. அச்சதுப்புநிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஓர் ஏரியில் விடப்பட்ட மீன் ஒரு பருவமழையில் மற்றவற்றை அடையலாம். இக்குடும்பத்தின் மற்றொரு மீனான கம்பூசியா கொசு ஒழிப்புக்கென 1928இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிற்காலத்தில் உலகின் மிகக் கேடான 100 அயல் இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றது. தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்யும் எனக் கடைகளில் ‘சக்கர்’ என்று விற்கப்படும் தென்னமெரிக்கக் கெளுத்தி தென்னிந்திய நீர்நிலைகளில் பரவியதும் இவ்வகை விடுவிப்புகளாலேயே எனக் கருதப்படுகிறது. நெற்றியில் வெள்ளிப் புள்ளி கொண்ட அப்லோக்கைலசு போன்ற உள்நாட்டுச் சிறு மீன்களும் கொசுப்புழுவை உண்பவையே.

உபரியைக் கடைக்குத் தருதல், பிற வளர்ப்போருடன் மாற்றிக்கொள்ளுதல், பள்ளி ஆய்வகங்களுக்கு அளித்தல் ஆகியன நடைமுறையில் உள்ளவை. கொண்டுசெல்லுமுன் ஒரு நாள் உணவை நிறுத்தி, பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் எஞ்சிய பகுதி காற்றும் இருக்குமாறு கட்ட வேண்டும். இடம் கிடைக்காதபோது கூண்டை எடுத்துவிட்டு, வேலம்பாசியையும் குறைத்து, பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்ன விடுவதுண்டு. இனப்பெருக்கத்தை நிறுத்த எண்ணுவோர் ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்வதே உறுதியான வழி. பெண்களைத் தனியே பிரித்தாலும் சேமித்த விந்தணுக்களால் அவை மேலும் சில மாதங்கள் குட்டி ஈனும். அக்காலத்திற்கும் ஒரு தொட்டியை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும்.