டி.டி.எச். இரண்டாம் இணைப்பு

டி.டி.எச். இரண்டாம் இணைப்பு என்பது, வீட்டின் கூடத்தில் இயங்கிவரும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சேவையைப் படுக்கையறை போன்ற வேறோர் அறையிலுள்ள தொலைக்காட்சிக்கும் கொண்டுசெல்லும் முறையாகும். இதற்கு மொட்டைமாடியில் ஒரே டிஷ் போதுமானது. ஆயினும் அதிலிருந்து வரும் கம்பியை இரண்டாகப் பிரிப்பது மட்டும் போதாது.

பின்னணி

இந்தியாவில் டிஷ் டிவி 2003 இலும், தூர்தர்சனின் கட்டணமில்லாச் சேவை 2004 திசம்பரிலும், சன் டைரக்ட் 2007 திசம்பரிலும் தொடங்கின. இதே காலத்தில், 2006 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கியது. ஏற்கெனவே தொலைக்காட்சி இருந்த வீடுகளில் அந்த 14 அங்குலப் பெட்டி இரண்டாவதாயிற்று. திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள பொதட்டூர்பேட்டை போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் வழங்குகின்றன. கூடத்தில் ஒரு மொழி அலைவரிசையும் அறையில் மற்றொன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டுமெனில், இணைப்பு முறையைத் தேர்வதில் கவனம் தேவை.

இயங்கும் விதம்

டிஷ்ஷின் முன் பொருத்தப்படும் எல்.என்.பி. என்னும் கருவி, ஏறத்தாழ 10.7 முதல் 12.75 கிகாஏர்ட்சு வரையுள்ள அலைகளை வாங்கி, 950 முதல் 2150 மெகாஏர்ட்சு வரையிலான அலைகளாகக் குறைத்துக் கம்பி வழியே அனுப்புகிறது. அதே கம்பியில் எதிர்த்திசையில் செட்-டாப் பெட்டி மின்னழுத்தம் அனுப்புகிறது. 13 வோல்ட்டு எனில் செங்குத்து முனைவாக்க அலைகளும், 18 வோல்ட்டு எனில் கிடை முனைவாக்க அலைகளும் கிடைக்கும். ஒற்றை வெளியீடுள்ள எல்.என்.பி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தரும்.

ஆகவே ஸ்பிளிட்டர் கொண்டு இரு பெட்டிகளை இணைத்தால், இரண்டும் ஒரே முனைவாக்கத்திலுள்ள அலைவரிசைகளைக் காட்டும்வரை குறை தெரியாது. ஒன்று 18 வோல்ட்டு அனுப்பியதும் அதுவே மேலோங்கும். 13 வோல்ட்டு அனுப்பிய பெட்டியில் படம் மறையும். சில அலைவரிசைகள் வருவதும் சில வராததுமாக இருப்பதால், இது டிஷ் திரும்பிவிட்டதன் விளைவு என்று தவறாகக் கருதப்படுவதுண்டு. டிஷ்ஷை அசைத்துப் பார்ப்பதால் சரியாயிருந்த முதல் இணைப்பும் கெடும்.

சரியான முறை, இரு வெளியீடுள்ள எல்.என்.பி. பொருத்தி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே 75 ஓம் ஆர்.ஜி.-6 கம்பி இழுப்பதாகும். வெளியே உள்ள இணைப்பு முனைகளில் மழைநீர் புகாதவாறு மூடுதல் வேண்டும்.

ஒரே பெட்டியின் வெளியீட்டை ஏ.வி. கம்பி அல்லது எச்.டி.எம்.ஐ. ஸ்பிளிட்டர் வழியே இரு தொலைக்காட்சிகளுக்கும் தரலாம். செலவு குறைவு, ஆனால் இரண்டிலும் ஒரே அலைவரிசைதான் தெரியும். அதை மாற்றக் கூடத்துக்கே செல்ல வேண்டியிருக்கும்.

டிஷ்ஷின் திசை

இரண்டாம் இணைப்புக்காக டிஷ்ஷின் திசையை மாற்ற வேண்டியதில்லை. பொதட்டூர்பேட்டையிலிருந்து பார்க்கையில், டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குரிய 93.5 பாகைக் கிழக்குச் செயற்கைக்கோள் தென்கிழக்கில் ஏறத்தாழ 67 பாகை உயரத்திலும், டாட்டா பிளேக்குரிய 83 பாகைக் கிழக்குச் செயற்கைக்கோள்கள் தெற்கை ஒட்டி 74 பாகை உயரத்திலும் உள்ளன. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் சுற்றுவட்டார மலைகள் மறைப்பதில்லை. வீட்டையொட்டிய தென்னையோ வேம்போதான் மறைக்கக்கூடும்.

கட்டணம்

கட்டணச் சேவைகளில் ஒவ்வொரு பெட்டியும் தனி இணைப்பாகக் கணக்கிடப்படும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 சனவரி 1 அன்று வெளியிட்ட திருத்தத்தில், இரண்டாம் தொலைக்காட்சிக்கான வலையமைப்புக் கட்டணம் முதலாவதற்குரியதில் 40 விழுக்காட்டை மீறலாகாது என வரையறுத்தது. முதல் இணைப்பின் உச்சவரம்பு வரி நீங்கலாக 130 ரூபாயாக இருந்தமையால், இது 52 ரூபாய்க்குள் அடங்கியது. 2024 சூலையில் வலையமைப்புக் கட்டண உச்சவரம்பை ஆணையம் நீக்கியது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே இல்லை. இரண்டாம் பெட்டி, எல்.என்.பி., கம்பி ஆகியவற்றின் விலையோடு செலவு முடிந்துவிடும்.