மறதிநோய் ஒண்ணுதான்... ஆஸ்பத்திரி நாள்கள் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் மாறுது?

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் உள்ள ஒரு பாட்டியை நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எப்போது வீடு திரும்புவார்? 'நிமோனியா சரியானதும்'னுதானே சொல்வீங்க? ஜப்பானில் இன்னொரு கேள்வியும் கேட்கணும்... 'பாட்டி எந்த மாகாணம்?'

ஷிகோகு தீவில் இருக்கிறது கோச்சி மாகாணம் (நம்ம கேரளா கொச்சி இல்லைங்க!). டோக்கியோவை ஒட்டியிருப்பது கனகாவா மாகாணம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், கனகாவாவைவிட கோச்சியில் ஆஸ்பத்திரி படுக்கைகள் சுமார் 3 மடங்கு அதிகம். எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாகத் தங்கும் நாள்களும் ஏறக்குறைய 2 மடங்கு. பொதுவாகவே ஜப்பானின் மேற்கில் படுக்கைகள் அதிகம், கிழக்கில் குறைவு.

இந்த வித்தியாசம் மறதிநோயாளிகளை அதிகம் பாதிக்கும். காரணம், நோய் குணமானாலும் அவர்களைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. கோச்சியில் மூன்றில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் நகரங்களுக்குப் போய்விட, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை காலியாக இருக்கு. அப்புறம் என்ன... 'இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே'தான்!

1973-ல் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ஜப்பான் அரசு இலவச சிகிச்சை கொடுத்தபோதே இது ஆரம்பித்துவிட்டது. சிகிச்சைக்காக அல்லாமல், கவனிக்க ஆள் இல்லாததால் சேர்வதை 'சமூகக் காரண அட்மிஷன்' என்றே அங்கே சொல்கிறார்கள். இதைக் குறைக்க, 2000-ல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. வீட்டுக்கே உதவியாளர், பகல்நேரப் பராமரிப்பு மையம் எல்லாம் கிடைத்தன. ஆனாலும், 2017 கணக்கெடுப்பில் டிஸ்சார்ஜ் ஆன அல்சைமர் நோயாளிகள் தங்கியது சராசரியாக 250 நாள்களுக்கு மேல்!

'பத்திரமாத்தானே இருக்காங்க'னு நினைக்காதீங்க. படுத்தே இருந்தால் முதியவர்களுக்குத் தசை வேகமாகக் கரையும். புது இடம், ராத்திரி வெளிச்சம், சத்தம் எல்லாம் சேர்ந்து திடீர் மனக்குழப்பத்தைக் கிளப்பும். எழுந்து ஓடுகிறார் என்று கையைக் கட்டிவைப்பதும் நடக்கும். அதனால்தான் 2016-ல், மறதிநோயாளிகளை நன்றாகக் கவனிக்கும் வார்டுகளுக்குக் கூடுதல் கட்டணம் தரும் முறையைக் கொண்டுவந்தபோது, கட்டிவைத்த நாள்களுக்கு அந்தத் தொகையை ஜப்பான் அரசு குறைத்தது.

நம்ம வீட்டுப் பெரியவரைச் சேர்க்க நேர்ந்தால் இதையெல்லாம் மறக்காதீங்க...

* 'டிஸ்சார்ஜுக்கு அப்புறம் யார் பார்த்துக்கறது?' என்பதை முதல் நாளே வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

* கண்ணாடி, காது மெஷின், பல்செட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.

* முடிந்தவரை தெரிந்த முகம் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

* தூக்கம், சாப்பாடு, பாத்ரூம் பழக்கங்களை நர்ஸிடம் சொல்லிவையுங்கள்.

* டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள்.

நோயைக் குணப்படுத்துவது டாக்டர் வேலை. ஆனால், பாட்டி எப்போ வீட்டுக்கு வருவாங்க என்பது, வீட்டில் யார் காத்திருக்காங்க என்பதையும் பொறுத்தது!