மணல் தூண் முதல் வடிபட்டை வரை: மென்களிமண்ணில் நீரகற்றும் கூட்டுப் பொருள்களின் வளர்ச்சி

சிக்கலின் அடிப்படை

மென்களிமண் படிவின் மேல் சாலைக் கரையோ துறைமுக முற்றமோ எழுப்பும்போது, கூடுதல் சுமையை முதலில் தாங்குவது மண்துகள்களுக்கு இடையே தேங்கிய நீர்தான். அந்த நீர் கசிந்து வெளியேற வெளியேறச் சுமை துகள்களுக்கு மாறுகிறது. நிலம் அமிழ்ந்து இறுகுகிறது. திண்மமாதல் எனப்படும் இந்நிகழ்வுக்கான கோட்பாட்டைக் கார்ல் டெர்சாகி 1925இல் வெளியான தம் நூலில் விளக்கினார். இறுகப் பிடிக்கும் காலம், நீர் கடக்க வேண்டிய தொலைவின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொலைவு பாதியானால் காலம் நாலில் ஒன்றாகும். தடித்த களிமண் அடுக்கு தானாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகக்கூடும் என்பதால், நீரின் பாதையைக் குறுக்குவதே பொறியாளர்களின் முதன்மை நோக்கமாயிற்று.

மணல் தூண்கள்

களிமண்ணில் செங்குத்துத் துளையிட்டு மணல் நிரப்பும் முறைக்கு அமெரிக்கரான டேனியல் மோரன் 1926இல் காப்புரிமை பெற்றார். 1930களின் நடுவில் கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பணிகளில் அது கையாளப்பட்டது. துளையை நோக்கி நீர் கிடைவாகப் பாயும் நிலைக்கான கணக்கை 1948இல் பொறியாளர் பாரன் வகுத்தார்.

மணல் தூணில் ஒரே பொருள் இரு வேலைகளைச் செய்தாக வேண்டும்: நீரை மேலே கடத்த வேண்டும், களித்துகள் உள்ளே புகாமல் தடுக்கவும் வேண்டும். பருமணல் நீரை எளிதில் கடத்தும், ஆனால் களி அதனுள் புகுந்துவிடும். நுண்மணல் களியைத் தடுக்கும், ஆனால் நீரோட்டத்தைக் குறைக்கும். நிலம் அமிழும்போது தூண் இடையில் நெரிபட்டு அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. தரமான மணலும் ஏராளமாகத் தேவைப்பட்டது.

அட்டைப் பட்டையிலிருந்து பிளாஸ்டிக் பட்டைக்கு

தீர்வு சுவீடனிலிருந்து வந்தது. அந்நாட்டின் வால்டர் ஷெல்மான் 1930களின் இறுதியில் அட்டையாலான பட்டையை உருவாக்கினார். அதன் அகலம் 100 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். உள்ளே நீளவாட்டில் நுண்வாய்க்கால்கள் ஓடின. தொழிற்சாலையில் செய்து சுருளாகக் கொண்டுவந்து எந்திரத்தால் இறக்கும் முறை இதனுடன் தொடங்கியது. ஆனால் ஈரமண்ணில் அட்டை நலிந்து மக்கியது.

1970களின் தொடக்கத்தில் சுவீடனில் உருவான ‘ஜியோட்ரெயின்’ அந்தக் குறையைப் போக்க முயன்றது. வரிப்பள்ளங்கள் கொண்ட பிளாஸ்டிக் உள்ளகம் நீரைக் கடத்தியது. சுற்றிய காகித உறை மண்ணைத் தடுத்தது. பின்னர் காகிதத்தின் இடத்தை நெய்யாத செயற்கை இழைத்துணி பிடித்தது. மணல் தூண் ஒருசேரச் செய்ய முடியாமல் திணறிய இரு வேலைகளும் இவ்வாறு இரு பொருள்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. கூட்டுப் பொருளான இந்த வடிபட்டையின் வலிமை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

பதிக்கும் முறையும் வடிவமைப்பும்

களத்தில் பட்டை எஃகுக் குழாய்க்குள் செலுத்தப்பட்டு, அதன் அடிநுனி சிறு தகட்டில் கோக்கப்படுகிறது. குழாய் களிமண்ணில் அமுக்கி இறக்கப்படும். அதை உருவும்போது தகடு அடியில் சிக்கிக்கொள்ள, பட்டை நிலத்திலேயே தங்கிவிடும். மேலே சிறிது நீளம் விட்டு வெட்டப்படும் அந்த முனை, நிலத்தின் மேல் பரப்பிய மணல் விரிப்புக்குள் நீரை விடுகிறது. பின்னர் அதன்மேல் மண்குவியல் ஏற்றப்பட்டுச் சுமை தரப்படும்.

தட்டைப் பட்டையை வட்டத் தூணுக்கான கணக்கில் பொருத்தச் சுவீடனின் ஸ்வென் ஹான்ஸ்போ 1979இல் சுற்றளவை அடிப்படையாக்கினார். 100 × 4 மில்லிமீட்டர் பட்டையின் சுற்றளவு 208 மில்லிமீட்டர். அதே சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் சுமார் 66 மில்லிமீட்டர். குழாய் இறங்கும்போது குலைந்து நீர்விடும் திறன் குன்றும் களிமண் வளையத்தையும், பட்டைக்குள் நீர் சந்திக்கும் தடையையும் அவருடைய 1981ஆம் ஆண்டுக் கணக்கு சேர்த்துக்கொண்டது.

விரிவாக்கம்

சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்தின் கிழக்கே கடலைத் தூர்த்த பணியில் சுமார் 14 கோடி மீட்டர் நீளத்துக்கு வடிபட்டைகள் பதிக்கப்பட்டன. அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகம் 1980களில் தேங்காய் நார்க் கயிறுகளைச் சணல் துணியில் பொதிந்த பட்டையையும் உருவாக்கியது. நிலம் இறுகியதும் பட்டையின் பணி முடிந்துவிடுவதால், மக்கும் இயற்கை நாரும் இங்கே பயன்படும். நிலத்தைக் காற்றுப்புகாத் தாளால் மூடி வெற்றிடம் உண்டாக்கி அழுத்தும் முறையை ஷெல்மான் 1952இல் விவரித்திருந்தார். வடிபட்டைகள் வந்த பிறகே அது பரவலாயிற்று.

வடிகாலும் வலுவூட்டமும்

மண்ணை வலுப்படுத்தும் வரலாறு தனிப் பாதையில் வந்தது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால் 1960களில் எஃகுப் பட்டைகளால் மண்சுவரை வலுவூட்டினார். பின்னர் செயற்கை இழைத்துணிகளும் ஜியோகிரிட் வலைகளும் அவ்வேலைக்கு வந்தன. இத்தகைய துணிகளுக்கு ‘ஜியோடெக்ஸ்டைல்’ என்ற பெயரை 1977இல் பாரீஸ் மாநாட்டில் பொறியாளர் ஜிரூ முன்வைத்தார்.

களிமண்ணையே நிரப்பாகக் கொண்ட சுவரில் இந்த இரு பாதைகளும் கூடுகின்றன. நெய்யாத துணியில் உறுதியான பாலியெஸ்டர் நூல்களைத் தைத்த கூட்டுப்பொருளில், நூல் இழுவிசையைத் தாங்கத் துணி தன் தளத்திலேயே நீரைக் கடத்துகிறது. நீரழுத்தம் குறையும்போது துகள்களுக்கிடையிலான அழுத்தம் கூடி, மண்ணும் வலுவூட்டியும் ஒன்றையொன்று பற்றும் உராய்வு உயர்கிறது. வடிகாலிலும் வலுவூட்டத்திலும் பயன் நீர் கடப்பதைச் சார்ந்திருப்பதால், பக்கமண்ணின் அழுத்தத்தில் துணியும் உள்ளகமும் நசுங்கிய நிலையிலும், நிலம் அமிழ்ந்து பட்டை மடங்கிய நிலையிலும் எவ்வளவு நீர் கடக்கும் என்பதைச் சோதித்தே இப்பொருள்கள் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.